சைலன்சர் சத்தம்: கேட்டவர்களுக்குப் பதில்

யாழ்ப்பாணம் கொக்குவிலில் மோட்டார் சைக்கிள் கராச் வைத்திருக்கிறேன். சைலன்சர் சத்தத்தைக் குறைப்பது பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். இன்றைக்கு அது மட்டும்.

சாவகச்சேரியிலிருந்து: அண்ணா, பல்சர் 150. கொஞ்ச நாளாகச் சத்தம் கூடிவிட்டது, அக்சிலேற்றரை விட்டால் படபடவென்று வெடிக்கிறது. புதுச் சைலன்சர் போட வேண்டுமா?

வேண்டாம் தம்பி, காசை வைத்திருங்கள். அப்படி வெடித்தால் பெரும்பாலும் எஞ்சினில் பைப் பொருந்தும் இடத்துக் கஸ்கட், அதாவது இடைவெளியை அடைக்கும் வளையம், போயிருக்கும். அந்த இடைவெளியால் சத்தம் வெளியே வருகிறது, அக்சிலேற்றரை விடும்போது அதே வழியால் காற்று உள்ளே இழுபட்டு, எரியாமல் மிஞ்சிய பெற்றோலோடு சேர்ந்து குழாய்க்குள் வெடிக்கிறது. காலையில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ரோர்ச் அடித்து அந்தப் பொருத்தை வடிவாகப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் கரி படிந்திருந்தால் ஒழுகுவது அங்கேதான். சந்தேகமென்றால் ஸ்ரார்ட் பண்ணி, தடித்த ஈரத்துணியால் பின்வாயை ஒரு கணம் பொத்துங்கள், 'ஸ்ஸ்' என்று எங்கே கேட்கிறது என்று தெரியும். பழைய வளையத்தை முழுதாகச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதியதை வைக்க வேண்டும், பழையதின் மேலேயே வைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். இரண்டு நட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒன்றை முதலில் முழுதாக இறுக்கினால் சரிந்து உட்கார்ந்து மறுபடி ஒழுகும்.

பருத்தித்துறையிலிருந்து: சைலன்சரின் அடியில் துரு பிடித்து ஓட்டை. வெல்டிங் பண்ணலாமா?

சுற்றியுள்ள தகடு கெட்டியாக இருந்தால் பண்ணலாம், ஸ்குரூடிரைவரால் குத்தும்போதே இறங்கினால் வீண் செலவு. கடற்காற்று ஒரு காரணம்தான், துரு உள்ளிருந்தும் வருகிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகும். தூர ஓட்டத்தில் அது ஆவியாகப் போய்விடும், சந்தைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மட்டும் ஓடினால் உள்ளே தங்கிவிடும். சில சைலன்சர்களில் அடியில் ஒரு சின்னத் துவாரம் இருக்கும், தண்ணீர் வடிய வைத்தது, அதையும் சேர்த்து அடைத்துவிடாதீர்கள். வெல்டிங்குக்கு முன் பற்றரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள்.

திருநெல்வேலியிலிருந்து: ஆசைக்குக் கம்பனிச் சைலன்சரைக் கழற்றிவிட்டு வெளிச் சைலன்சர் போட்டேன், ஒழுங்கை முழுக்கத் திட்டு. கண்ணாடிப் பஞ்சு மாற்றினால் சரியாகுமா?

பாதி சரியாகும். இந்தச் சைலன்சர்களில் துளையிட்ட குழாயைச் சுற்றிப் பஞ்சு இருக்கும், நாளடைவில் அது எரிந்து பறந்துவிடும். குழாயில் முதலில் இரும்புக் கம்பிப் பஞ்சைச் சுற்றி, அதன் மேல் கண்ணாடிப் பஞ்சு. தளர்வாக விடக் கூடாது. மாஸ்க்கும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். ஆனால் பஞ்சு தின்பது கீச்சென்ற சத்தத்தைத்தான். ஒற்றைச் சிலிண்டர் நாலு ஸ்ரோக் எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றில் விநாடிக்கு 50 தரம் வெடிக்கிறது, அந்த அடித்தொனி பஞ்சுக்கு அடங்காது. கம்பனிச் சைலன்சருக்குள் தடுப்புகளும் அறைகளும் இருப்பது அதற்காகத்தான். பழையது வீட்டில் கிடந்தால் அதையே பூட்டுங்கள், அக்கம்பக்கத்தில் கைக்குழந்தைகள் தூங்க வேண்டும்.

சுன்னாகம்: பின்வாயில் கம்பித் தும்பு அடைத்தால்?

வேண்டாம். புகை வெளியேற வழியில்லாமல் எஞ்சின் சூடேறும், இழுவை போகும். எதையும் அடைக்காதீர்கள்.

மானிப்பாய்: பழைய துணி அடைக்கலாமா அண்ணை?

மேலே பாருங்கள். துணி தீயும் பிடிக்கும்.

கிளிநொச்சியிலிருந்து: சத்தம் இருந்தால்தான் பாதுகாப்பு. ஏ9 வீதியில் மாடு, நாய் எல்லாம் விலகுவது சத்தத்துக்குத்தான்.

இதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சைலன்சரின் வாய் பின்னால் பார்க்கிறது, நீங்கள் மோதப்போவது முன்னால் நிற்பதோடு. கண்ணாடி ஏற்றி ஏசி போட்டு வருகிற வான்காரருக்கு நீங்கள் பக்கத்தில் வரும்வரை கேட்காது.

அதே ஆள்: அப்போ மாட்டுக்கு ஹோர்ன் விளங்குமா?

விளங்காது. சைலன்சரும் விளங்காது. திடீர்ச் சத்தத்துக்கு மிரண்டு கன்று எந்தப் பக்கம் பாயும் என்று யாராலும் சொல்ல முடியாது. மாட்டைக் கண்டால் வேகத்தைக் குறையுங்கள், இரவில் லைற் சரியாக இருக்கட்டும்.

நல்லூரிலிருந்து ஓர் அக்கா: அவர் சொல்வதை விடுங்கள், ஆஸ்பத்திரி வீதியில் நடுச்சாமத்தில் உறுமிக்கொண்டு போகிறார்களே, அங்கே எந்த மாடு நிற்கிறது?

அக்கா கேட்டதுதான் சரியான கேள்வி. வார்ட்டில் படுத்திருக்கிறவருக்கு அந்தச் சத்தம் எப்படி இருக்கும் என்று பெடியன்கள் ஒரு தரம் யோசிக்க வேண்டும். கிளிநொச்சித் தம்பிக்கும் இதுதான் என் பதில், இனி இந்த விவாதம் போதும்.

கோப்பாய்: தும்பு அடைத்தால்...

மூன்றாவது தரம். வேண்டாம்.

அச்சுவேலி: கஸ்கட் எந்த அளவு வாங்க வேண்டும்?

மொடலைச் சொல்லிக் கேளுங்கள், கழற்றிய பழையதையும் கையோடு கொண்டு போங்கள். அளவு கொஞ்சம் மாறினாலும் உட்காராது.