ஏரியோரம் விடுதி விரிவாகிறதா? மண்ணை வெட்டும் முன்பே தண்ணீரை அளந்து வையுங்கள்

கேள்வி: மூணாறு அருகே அணை ஏரிக்கு மேல் சரிவில் உள்ள விடுதி, புதிய கட்டடங்களும் வண்டி நிறுத்துமிடமும் கட்டப்போகிறது. ஏரித் தண்ணீர் கெட்டுவிடும் என்று தோட்டத் தொழிலாளர் லயத்தில் எல்லோரும் பயப்படுகிறோம். என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் பயம் நியாயமானது. எல்லோரும் கழிவுநீரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். ஆனால் மலை ஏரிக்கு முதலில் வரும் கேடு வெட்டிய மண். அமெரிக்காவின் டாஹோ ஏரியைச் சுற்றிப் பனிச்சறுக்கு விடுதிகள் நிறைய. தண்ணீரின் தெளிவை அளக்க அங்கே ஒரு வெள்ளைத் தட்டை இறக்கிப் பார்ப்பார்கள். 1968இல் சராசரியாக 31 மீட்டர் ஆழம்வரை தெரிந்த அந்தத் தட்டு, இப்போது 20 மீட்டர் அளவிலேயே மறைந்துவிடுகிறது. அந்த வட்டாரத்துக் கழிவுநீரை வெளியே கொண்டுபோய்விடுகிறார்கள். அப்படியும் சாலைகளிலிருந்தும் கட்டடப் பகுதிகளிலிருந்தும் மழையோடு வரும் நுண்துகள்கள் ஏரியைக் கலக்குகின்றன.

அந்தத் தட்டை நீங்களே செய்துகொள்ளலாம். ஒரு சாண் அகலமுள்ள வெள்ளைத் தட்டின் அடியில் கல்லைக் கட்டுங்கள். கயிற்றில் அரை மீட்டருக்கு ஒரு முடிச்சு. அனுமதி பெற்ற படகில் நடுப்பகலில் போய், நிழல் விழும் பக்கம் மெல்ல இறக்குங்கள். தட்டு மறையும் ஆழத்தையும், தூக்கும்போது மீண்டும் தெரியும் ஆழத்தையும் குறித்து இரண்டுக்கும் சராசரி எடுங்கள். வாராவாரம் அதே இடத்தில், வேலை தொடங்கும் முன்பிருந்தே அளக்க வேண்டும். முன்பு எப்படி இருந்தது என்பதற்குச் சான்று இல்லாத புகார் நிற்காது.

மழை பெய்த அன்று, விடுதிச் சரிவிலிருந்து இறங்கும் ஓடையில் ஒரு பாட்டில், கை படாத சரிவின் ஓடையில் ஒரு பாட்டில் பிடித்து, தேதி எழுதிப் படம் எடுங்கள். மழைதான் காரணம் என்று விடுதிக்காரர்கள் சொன்னால், அதை மறுக்க இந்த இரண்டு பாட்டில்களே போதும்.

அடுத்து காகிதங்கள். பழையதும் புதியதும் சேர்ந்து கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரை எட்டினால் சுற்றுச்சூழல் முன் அனுமதி கட்டாயம். அதைத் தவிர்க்கத் திட்டத்தைத் துண்டு துண்டாகக் காட்டுவதுண்டு. மொத்த வரைபடத்தைக் கேளுங்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவையும், வருவாய்த் துறையின் தடையின்மைச் சான்றையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். மூணாறு அடங்கிய தேவிகுளம் தாலுகா அலுவலகங்களில் மனுவைத் தமிழிலேயே கொடுக்கலாம். அது உங்கள் சட்ட உரிமை.

மனுவில் ஒன்றை அழுத்தி எழுதுங்கள்: ஜூன் முதல் செப்டம்பர் வரை சரிவை வெட்டக் கூடாது. 2020 ஆகஸ்டில் மூணாறு அருகே பெட்டிமுடியில் நிலச்சரிவை உண்டாக்கி 70 உயிர்களைக் கொண்டுபோனது இதே மலைத்தொடரின் மழை. அங்கே விடுதி எதுவும் காரணமில்லை. ஆனால் அப்படிப் பெய்யும் மழையில் வெட்டுப்பட்ட மண்ணைத் திறந்து போடுவது, கீழே குடியிருப்பவர்களின் உயிரோடு விளையாடுவது.

அதற்கும் மசியவில்லை என்றால், சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். சென்னையில் உள்ள அதன் தென்மண்டல அமர்வு கேரளத்துக்கும் உரியது. பிரச்சினை தொடங்கிய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். முதல் ஜேசிபி வந்த தேதியை மறக்காமல் எழுதி வையுங்கள்.