கடையில் பிடித்த சென்ட் மதியத்துக்குள் ஏன் பிடிக்காமல் போகிறது?

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: “சென்ற மாதம் ஒரு மாலில், காகிதப் பட்டையில் அடித்துக் காட்டிய சென்டின் மணம் எலுமிச்சையும் பூவும் கலந்ததுபோல் அருமையாக இருந்ததால், 100 மி.லி. பாட்டிலையே வாங்கிவிட்டேன். ஆனால் அலுவலகத்துக்குப் போட்டுக்கொண்டு போனால், மதியத்துக்குள் அது தித்திப்பாகவும் கனமாகவும் மாறித் தலையை வலிக்கச் செய்கிறது. என்னை ஏமாற்றிவிட்டார்களா? இனி வாங்கும்போது எப்படிச் சோதித்துப் பார்ப்பது?”

ஏமாற்று வேலை எதுவும் நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை. கடையில் நீங்கள் முகர்ந்ததும் இப்போது முகர்வதும் ஒரே சென்ட்தான். ஆனால் கடையில் அதன் முதல் ஐந்து நிமிடங்களை மட்டுமே முகர்ந்துவிட்டு, நாள் முழுவதும் உடன் இருக்கப்போகும் ஒன்றை வாங்கிவிட்டீர்கள்.

ஒரு சென்டில் பத்துக்கணக்கில், சிலவற்றில் நூற்றுக்கும் மேல், மணப்பொருள்கள் ஆல்கஹாலில் கரைந்திருக்கும். அவை எல்லாம் ஒரே வேகத்தில் ஆவியாவதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களில் உள்ள லிமோனின் ஏறக்குறைய 176 டிகிரி செல்சியஸில் கொதிப்பது; வெனிலாவின் மணத்துக்குக் காரணமான வெனிலின் 285 டிகிரி வரை தாங்குவது. ஆகவே எலுமிச்சை வகை மணங்கள் கால் மணி நேரத்தில் பெரும்பாலும் பறந்துவிடுகின்றன. மல்லிகை, ரோஜா போன்ற பூமணங்கள் சில மணி நேரம் நிற்கின்றன. வெனிலா, சந்தனம், கஸ்தூரி வகை மணங்கள் மறுநாள் காலை வரைகூட ஒட்டிக்கொண்டிருக்கும். ரசத்தை இறக்கிக் கொத்தமல்லி தூவியதும் எழும் மணம் வேறு, இரவு அதே பாத்திரத்தைத் திறக்கும்போது வரும் மணம் வேறு அல்லவா? உங்கள் பாட்டிலில் எலுமிச்சைக்கு அடியில் வெனிலாவோ அதுபோன்ற தித்திப்பான பொருளோ நிறைய இருந்திருக்க வேண்டும். நம் வெயிலின் சூட்டில் அது இன்னும் வேகமாகக் கிளம்பும்.

ஆகையால் முதல் விதி, முகர்ந்த அன்றே வாங்காதிருப்பது. “இன்று மட்டும்தான் தள்ளுபடி” என்று சொன்னாலும் வாங்க வேண்டாம்.

காகிதப் பட்டையை நான் குறை சொல்ல மாட்டேன். எது வேண்டாம் என்று கழித்துக்கட்ட அது மிகவும் உதவும். பட்டையின் ஒரு முனையில் பெயரை எழுதிக்கொண்டு, மறுமுனையில் அரை அடி தள்ளிப் பிடித்து ஒரே ஒரு முறை அடியுங்கள். ஆல்கஹாலின் நெடி போக அரை நிமிடம் விட்டு, மூக்கில் படாமல் முகருங்கள். பிடித்தவற்றைத் தனித்தனி உறைகளில் போட்டு வீட்டுக்கு எடுத்து வந்து, மறுநாள் காலையில் காப்பி குடிப்பதற்கு முன் மீண்டும் முகர்ந்து பாருங்கள். அப்போது பட்டையில் மிஞ்சியிருப்பது அந்த சென்டின் அடிமணம். அது பிடிக்கவில்லையென்றால் அதைத் தோலில் போட்டுப் பார்க்கவே தேவையில்லை. உங்களுடைய 100 மி.லி. பாட்டிலின் குறையை இந்த ஒரு காகிதத்துண்டே முன்கூட்டிச் சொல்லியிருக்கும்.

ஒரே நடையில் காகிதத்தில் நான்கைந்துக்கு மேல் வேண்டாம், தோலில் கைக்கு ஒன்றாக இரண்டு போதும். மூக்கு சில நிமிடங்களிலேயே ஒரு மணத்துக்குப் பழகி, அதை உணர்வதைக் குறைத்துக்கொள்ளும். பூக்கடையில் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பவருக்கு மல்லிகை மணப்பதில்லை. இதற்கு மருந்தாகக் கடைகளில் காப்பிக்கொட்டைக் கிண்ணம் வைத்திருப்பார்கள். ஆனால் அது வெறும் காற்றைவிட மேலாக உதவுவதில்லை என்றே அமெரிக்காவின் பெலாய்ட் கல்லூரியினர் 2011இல் வெளியிட்ட ஆய்வில் தெரிந்தது. கடைக்கு வெளியே வந்து பத்து நிமிடம் நடப்பதே நல்லது.

தோலில் சோதிக்கும் நாளன்று வாசனை சோப்பு, முகப்பவுடர், தலையில் பூ, வாசனைத் தைலம் எதுவும் வேண்டாம். முன்கையின் உட்புறத்தில் ஒரு முறை அடித்துத் தானாக உலர விடுங்கள். இரு மணிக்கட்டுகளையும் உரசினால் மணத்தின் மூலக்கூறுகள் நசுங்கிவிடும் என்பார்கள். அப்படி எதுவும் நசுங்காது. ஆனால் உரசலின் சூட்டில் மேல்மணம் வேகமாகப் போய்விடுவதால், பார்க்க வேண்டிய தொடக்கத்தை இழந்துவிடுவீர்கள். வறண்ட தோலில் மணம் சீக்கிரம் போய்விடும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். வேலை நாளிலேயே சோதியுங்கள். ஏசி அறையில் அடக்கமாக இருக்கும் சென்ட், பேருந்து நிறுத்தத்து வெயிலில் வேறு முகம் காட்டும்.

அடித்தவுடன், கால் மணி நேரம் கழித்து, பிறகு இரண்டாம் மணி, ஐந்தாம் மணி, எட்டாம் மணி என்று முகர்ந்து இரண்டு சொற்களாவது எழுதி வையுங்கள், ஏனெனில் மணத்தை நினைவில் வைத்து ஒப்பிடுவது எல்லாருக்கும் கடினம். வெட்டிவேர் சென்ட் ஒன்றுக்கு என் குறிப்பேட்டில் முதலில் “எலுமிச்சை, கூர்மை” என்றும், இருபதாவது நிமிடத்தில் “மிளகு” என்றும், ஆறாவது மணியில் “வெட்டிவேர் போட்ட பானைத் தண்ணீர்” என்றும் இருக்கிறது. அந்த மூன்றாவது குறிப்புக்காகத்தான் அதை வாங்கினேன். முதல் குறிப்போடு நின்றிருந்தால் தாண்டிப் போயிருப்பேன்.

மாலையில் மணமே இல்லை என்று தோன்றினால், ஒரு கை தூரத்தில் நிற்பவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். உங்கள் மூக்கு பழகிப்போயிருக்கலாம். சிலவகைக் கஸ்தூரி மணங்களைச் சிலரால் பிறவியிலேயே உணர முடியாது என்பதும் உண்மை. இது தெரியாமல் மேலும் மேலும் அடித்துக்கொள்வதால்தான் லிஃப்டில் உடன் வருபவர் மூச்சுத் திணறுகிறார்.

அத்தர் வாங்குபவர்கள் இன்னும் பொறுமையாக இருக்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் உள்ள கன்னோஜில் மரபாகப் பூக்களைக் காய்ச்சி வடிக்கும் ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்கியே அத்தர் செய்வார்கள். ஆல்கஹால் இல்லாததால் முதலில் எதையும் வீசாமல் மெல்லத்தான் மலரும். குண்டூசித் தலையளவு தொட்டு வைத்து, அரை மணி நேரமாவது காத்திருந்த பிறகே முகர வேண்டும்.

முழு பாட்டிலுக்கு முன் 2 மி.லி. சாம்பிள் வாங்குவது வீண்செலவு அல்ல. ஒரு முறை அடித்தால் ஏறக்குறைய 0.1 மி.லி. செலவாகும் என்று கொண்டால், அதில் இருபது முறை அடிக்கலாம், ஒரு வாரச் சோதனைக்கு அது தாராளம். 100 மி.லி. பாட்டிலோ ஆயிரம் முறை அடிப்பதற்கானது. ஒவ்வாமை உள்ளவர்கள் முழங்கையின் உள்மடிப்பில் சிறிது போட்டு இரண்டு நாள் பார்க்க வேண்டும். பெட்டியில் லினலூல், லிமோனின் என்று பொடி எழுத்தில் இருப்பவை ஒவ்வாமை தரக்கூடிய மணப்பொருள்களே. ஐரோப்பிய ஒன்றியம் பெயர் குறிப்பிடக் கட்டாயப்படுத்திய 26 மணப்பொருள்களின் பட்டியலை 2023இல் 80க்கும் மேலாக விரித்திருக்கிறது. அரிப்போ சிவப்போ வந்தால் அந்த சென்டை விட்டுவிட்டு, தோல் மருத்துவரைப் பாருங்கள்.

இப்போது கையில் இருக்கும் பாட்டிலுக்கு வருவோம். அதை அலுவலகத்துக்குப் போட வேண்டாம். மார்கழியில், குளிர்ச்சியான மாலை நேரத்தில், தோலில் இல்லாமல் பருத்தித் துப்பட்டாவின் ஓரத்தில் ஒரே ஒரு முறை அடித்துப் பாருங்கள். சூடு குறைவாக இருக்கும்போது தித்திப்பு அவ்வளவு வேகமாகக் கிளம்பாது. பட்டுப்புடவையில் மட்டும் கறை படியக்கூடும் என்பதால் வேண்டாம். அதுவரை குளியலறையிலோ ஜன்னலோரத்திலோ வைக்காமல், பெட்டிக்குள்ளேயே போட்டு பீரோவில் வைத்திருங்கள். அப்போதும் தலைவலி வந்தால் யாருக்காவது கொடுத்துவிடுங்கள். கொடுப்பதற்கு முன் அவர்களும் ஒரு நாள் முழுவதும் போட்டுப் பார்க்கட்டும்.