எண்ணெய் நாட்டில் வேலை யாருக்கு? – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

என் தம்பி ரியாத்தின் பத்தா கடைவீதியில் கைப்பேசி பழுதுபார்க்கும் கடையில் பதினோரு ஆண்டுகள் இருந்தான். 2016 இல் அந்தத் தொழில் முழுவதும் சவுதிகளுக்கே என்று உத்தரவு வந்து, செப்டம்பரில் ஊர் திரும்பினான். “அவர்கள் பிள்ளைகளுக்கு வேலை வேண்டாமா?” என்று இன்றும் அவர்களுக்காகத்தான் பேசுகிறான். எனக்கு மனம் ஆறவில்லை. இத்தனை எண்ணெய் இருந்தும் சொந்தப் பிள்ளைகளுக்கு வேலை இல்லாமல் போவானேன்? நம் ஆட்களை அனுப்பிவிட்டால் அது கிடைத்துவிடுமா? இப்போது என் மகனுக்கும் அங்கிருந்து விசா வந்திருக்கிறது. அதனால்தான் கேட்கிறேன்.

க., கடையநல்லூர்

அன்புள்ள க.,

உங்கள் தம்பியின் மனம் பெரியது. ஆனால் நம்மவர்கள் காலி செய்த இடங்களெல்லாம் அந்த நாட்டுப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடவில்லை. தம்மாமில் ஒன்பது ஆண்டுகள் கணக்கு எழுதியவன் நான். பார்த்ததை வைத்தே சொல்கிறேன்.

1938 இல் அந்தத் தம்மாமை அடுத்த தஹ்ரானில், ‘தம்மாம் 7’ என்ற கிணற்றில்தான் எண்ணெய் பெருகியது. எண்ணெய் பணத்தைக் கொட்டும், ஆனால் அதை எடுக்க அதிக ஆள் தேவையில்லை. கஜானாவுக்கு வந்த பணத்தை மக்களுக்குப் பகிர்ந்துகொடுக்க அரசு கண்ட வழிகளில் முக்கியமானது அரசு வேலை. 2015 இல் அரசுச் செலவில் ஏறக்குறைய 45 விழுக்காடு சம்பளத்துக்கும் படிகளுக்குமே போனது. கட்டுவது, ஓட்டுவது, பழுதுபார்ப்பது எல்லாவற்றுக்கும் வெளியிலிருந்து ஆள் வந்தார்கள். 2022 கணக்கெடுப்பின்படி அங்கிருக்கும் 3.2 கோடி பேரில் 41.6 விழுக்காட்டினர் வெளிநாட்டவர். பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்றவரை இது ஓடியது. 2014 நடுவில் சரியத் தொடங்கிய விலை 2016 தொடக்கத்தில் 30 டாலருக்கும் கீழே போனபோது, படித்து வரும் பிள்ளைகளுக்கெல்லாம் அரசு நாற்காலி போட முடியாது என்பது வெட்டவெளிச்சமானது.

அப்படியானால் தனியார் கடைக்காரர் அவர்களை ஏன் எடுக்கவில்லை? சோம்பேறிகள் என்று நம்மவர்கள் சொல்வார்கள். நான் அதை ஏற்கவில்லை. என் அறையில் தங்கியிருந்த ஏசி மெக்கானிக்குக் கஃபீல், அதாவது விசா கொடுத்து வரவழைத்த முதலாளி, மாதம் கொடுத்தது 1,200 ரியால். பக்கத்துக் கடையில் 2,000 தருவதாகக் கூப்பிட்டார்கள். வேறு இடத்துக்கு மாற அனுமதிக்கும் விடுவிப்புத்தாளில் கையெழுத்துப் போட கஃபீல் மறுத்துவிட்டார். பாஸ்போர்ட்டும் அவர் மேசையில்தான் இருந்தது. சொல்லாமல் போயிருந்தால் ‘ஹுரூப்’ என்று ஓடிப்போனவர் கணக்கில் எழுதிவிடுவார்கள். வெளியேற முடியாத ஆள் 1,200க்குக் கிடைக்கும்போது, நாளையே விட்டுப் போகக்கூடிய சவுதி இளைஞனுக்கு 3,000 கொடுக்க எந்த முதலாளி முன்வருவார்? நம் ஆளின் கையைக் கட்டியதே அந்த இளைஞனின் வாய்ப்பையும் கெடுத்தது.

தனியார் நிறுவனங்களைச் சவுதிகளை வேலைக்கு எடுக்க வைப்பதற்காக 2011 இல் வந்த ‘நிதாகாத்’ திட்டம் இந்தக் கட்டை அவிழ்க்கவில்லை. சவுதிகள் எத்தனை பேர் என்று எண்ணி, நிறுவனங்களுக்குச் சிவப்பு, மஞ்சள், பச்சை, பிளாட்டினம் என்று தரம் பிரித்தது. முதல் 16 மாதங்களில் அது 63,000 சவுதிகளுக்கு வேலை தந்தது என்றும், ஏறக்குறைய 11,000 நிறுவனங்கள் மூடப்பட்டன என்றும் ஜெனிஃபர் பெக் என்ற பொருளாதார ஆய்வாளர் 2017 இல் கணக்கிட்டுக் காட்டினார்.

அந்த வேலைகளில் எத்தனை உண்மையான வேலை என்பது வேறு கேள்வி. எங்கள் நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் மாதாமாதம் நான் எழுதிய இரண்டு பெயர்களுக்கு உரியவர்கள் வேலைக்கு வந்ததே இல்லை. பச்சையில் நிற்பதற்காக எழுதிய பெயர்கள். ஒருநாள் அதில் ஒருவன் கையெழுத்துப் போட வந்தான். இருபத்திரண்டு வயதிருக்கும். என் கணினித் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இதை எனக்குக் கற்றுத் தர முடியுமா?” என்று கேட்டான். மேலாளர் அவனுக்குத் தேநீர் கொடுத்து, தோளைத் தட்டி அனுப்பிவைத்தார். அந்தப் பையனின் முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. அவனுக்கும் அநியாயம்தான் நடந்தது.

பின்னாளில் நிலைமை மாறியது உண்மை. 2018 இல் 12 விழுக்காட்டைத் தாண்டியிருந்த சவுதிகளின் வேலையின்மை 2024 இறுதியில் 7 அளவுக்கு இறங்கியது. இதே காலத்தில் நடந்த பெரிய மாற்றம், பெண்கள் வேலைக்கு வந்தது. 2017 இல் ஐந்தில் ஒருவர்கூட உழைப்புச் சந்தையில் இல்லை. சில ஆண்டுகளில் மூன்றில் ஒருவர் வந்துவிட்டார்கள். 2018 ஜூனில் காரோட்ட அனுமதி கிடைத்தது; மற்றத் தடைகளும் ஒவ்வொன்றாக விலகின. என்னைக் கேட்டால், கடைகளிலிருந்து நம்மவர்களை அனுப்பியதைவிட இதுதான் அந்த நாட்டுக்குப் பெரிய பலன் தந்தது.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். 2021 மார்ச்சிலிருந்து, ஒரே முதலாளியிடம் ஓராண்டு முடித்தவர், முறைப்படி முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, அவர் சம்மதம் இல்லாமலே வேறு நிறுவனத்துக்கு மாறலாம். என் அறைத்தோழருக்குக் கிடைக்காத உரிமை இது. ஆனால் வீட்டு ஓட்டுநர், வீட்டுப் பணியாளர், தோட்டக்காரர், ஆடு மேய்ப்பவர் ஆகியோரை அந்தச் சீர்திருத்தத்தில் சேர்க்கவில்லை. கம்பெனி வேலை என்று சொல்லிக் கையில் வீட்டு ஓட்டுநர் விசாவைக் கொடுத்து அனுப்பும் முகவர்கள் இருக்கிறார்கள். விசாவில் தொழில் என்ற இடத்தில் என்ன போட்டிருக்கிறது என்று அரபி தெரிந்த ஒருவரிடம் காட்டிப் படித்துவிட்டு எழுதுங்கள். அதுவரை முகவருக்குப் பணம் கட்ட வேண்டாம்.