கைரேகை மறைக்கும் எக்ஸ்டென்ஷன் போட்டபின் கேப்சா கூடுவது ஏன்?

பிரவுசரும் கணினியும் தரும் விவரங்களைச் சேர்த்து நம்மை அடையாளம் காண்பதுதான் பிரவுசர் கைரேகை. அதில் சந்தேகம் வந்தால் ‘நீங்கள் மனிதரா’ என்று தளம் வைக்கும் சோதனையே கேப்சா. தளங்கள் ஒரே விவரத்தை மட்டும் பார்ப்பதில்லை. விவரங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகின்றனவா என்றுதான் பார்க்கின்றன. விண்டோஸ் குரோமில் யூசர் ஏஜென்டை (பிரவுசர் தன்னை அறிமுகப்படுத்தும் வரியை) மட்டும் மேக் சஃபாரி என்று மாற்றியிருப்பீர்கள். இயங்குதளத்தைச் சொல்லும் நேவிகேட்டர் பிளாட்ஃபார்ம் இன்னும் ‘வின்32’, அதாவது விண்டோஸ், என்றே சொல்லும். பக்கத்தில் முப்பரிமாணப் படம் வரையும் வெப்ஜிஎல் தரும் கிராபிக்ஸ் பெயரில் ‘டைரக்ட்3டி11’ என்ற விண்டோஸ் நுட்பம் இருக்கும். மேக்கில் டைரக்ட்3டி ஏது? பக்கம் திறக்கும் முன்பே போகும் டிஎல்எஸ் ஹலோவும் (பாதுகாப்பான இணைப்பைத் தொடங்கும் முதல் செய்தி) குரோம் என்று காட்டிக்கொடுக்கும்; எக்ஸ்டென்ஷனால் அதைத் தொடவே முடியாது. மறைக்கப் போய், கூட்டத்தில் தனியாகத் தெரிகிறீர்கள்.

பக்கத்தில் படம் வரையும் வசதியான கேன்வாஸிலும் இதே வம்புதான்; வரையப்படும் படத்தின் நுண்ணிய வேறுபாடுகளும் கைரேகையில் சேரும். மலிவான கருவிகள் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிக்சல்களைக் கலைக்கும். தளம் ஒரே படத்தை இரண்டு முறை வரையச் சொல்லி ஒப்பிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். பிரேவ் பிரவுசர், ஒரு தளத்துக்கு ஒரு செஷன் முழுவதும் ஒரே மாற்றத்தையே தருவதால் இந்தச் சோதனையில் மாட்டாது. டார் பிரவுசரின் வழி வேறு: எல்லோரையும் ஒரே மாதிரி காட்டுவது. ஜன்னல் அளவைக்கூட 200க்கு 100 பிக்சல் படிகளில் நிறுத்தும்.

ஆகவே முதலில் எக்ஸ்டென்ஷனை நீக்குங்கள். பிரேவின் இயல்பான அமைப்பே போதும். ஃபயர்ஃபாக்ஸில் ரெசிஸ்ட்ஃபிங்கர்பிரிண்டிங் என்ற கைரேகைத் தடுப்பு அமைப்பை ட்ரூ ஆக்கலாம். ஆனால் நேர மண்டலம் ஜிஎம்டி ஆகிவிடும், வெப் காலண்டரில் நம் சந்திப்புகள் ஐந்தரை மணி நேரம் முன்னதாகத் தெரியலாம். பிறகும் கேப்சா வந்தால் விபிஎன்னை அணைத்துப் பாருங்கள். விபிஎன் தருவது டேட்டா சென்டர் ஐபி (வீட்டு இணைப்பின் முகவரியாக இல்லாமல் சர்வர் நிலையத்தின் முகவரி) என்றால் பிரவுசரில் எதை மாற்றியும் பெரிய பலனில்லை.