அப்பாவின் டெபாசிட்டை உடைக்கலாமா?

கேள்வி: கோவையில் பி.இ. இறுதியாண்டு படிக்கிறேன். அக்டோபரில் ஜெர்மனி போகிறேன். அரசுப் பல்கலைக்கழகம், கல்விக் கட்டணம் இல்லை. ஆனால் விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்ட்டில், அதாவது மாதாமாதம் ஒரு பகுதியை மட்டுமே எடுக்க முடிகிற கணக்கில், 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். அப்பாவிடம் 12 லட்சம் ரூபாய் ஃபிக்ஸட் டெபாசிட் இருக்கிறது. ஐந்தாண்டு டெபாசிட், வரும் டிசம்பரில்தான் முதிர்கிறது. அதை உடைப்பதா, கல்விக் கடன் வாங்குவதா? ப்ராஜெக்ட், செய்முறைத் தேர்வு, செமஸ்டர் தேர்வு என்று எனக்கு மூச்சுவிட நேரமில்லை. (மாணவி, திண்டுக்கல்)

பதில்: இரண்டும் வேண்டாம். டெபாசிட்டின் மீது கடன் வாங்கச் சொல்லுங்கள்.

முதிர்வுக்கு முன் உடைத்தால் பெரும்பாலான வங்கிகள் வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் பிடிக்கும். ஏதோ கடைசி ஆறு மாதத்துக்குத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை, கடந்து போன நான்கரை ஆண்டுக்கும் சேர்த்துப் பிடிப்பார்கள். 12 லட்சத்துக்கு ஒரு சதவீதம் என்றால் கிட்டத்தட்ட 54,000 ரூபாய். அதே டெபாசிட்டை ஈடாக வைத்தால் பொதுவாக 90 சதவீதம் வரை, அதாவது 10.8 லட்சம் கிடைக்கும். டெபாசிட்டுக்குக் கிடைக்கும் வட்டியைவிட ஒன்று அல்லது இரண்டு சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும்; டெபாசிட் வட்டியோ வந்துகொண்டே இருக்கும். டிசம்பர் வரை ஆறு மாதத்துக்கு நிகரச் செலவு 5,400 முதல் 10,800 ரூபாய்தான். வில்லங்கச் சான்று, வழக்கறிஞர் கருத்துரை எதுவும் வேண்டாம். அப்பா ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். நீங்கள் படிப்பைப் பாருங்கள். பிளாக்டு அக்கவுண்ட் மட்டும் உங்கள் பெயரில், உங்கள் பாஸ்போர்ட்டை வைத்துத் திறக்க வேண்டும். ஆன்லைனில் ஒரு மாலை வேலை.

யூரோ 100 ரூபாய் என்று வைத்தாலும் 11.9 லட்சம் ஆகிறது. குறையும் ஒரு லட்சத்துச் சொச்சத்தைச் சேமிப்பிலிருந்து போட வேண்டியிருக்கும். ஒரே ஆள் ஒரு நிதியாண்டில் 10 லட்சத்துக்கு மேல் அனுப்பினால், மேற்படும் தொகைக்கு டி.சி.எஸ். என்ற வரியை வங்கியே அனுப்பும்போது பிடிக்கும். வருமான வரிக் கணக்குத் தாக்கலில் திரும்பக் கிடைக்கும் பணம்தான், ஆனாலும் அதுவரை முடங்கிக் கிடக்கும். அம்மாவுக்கு பான் எண் இருந்தால் ஒரு பகுதியை அவர் கணக்கிலிருந்து அனுப்பலாம்.

கல்விக் கடனை அடியோடு மறந்துவிடாதீர்கள். பிளாக்டு அக்கவுண்ட் மாதம் 992 யூரோவாகக் கரைந்து ஓராண்டில் தீர்ந்துவிடும். டிசம்பரில் டெபாசிட்டும் கடனுக்குப் போய்விடும். இரண்டாம் ஆண்டுக்குப் பகுதிநேர வேலையை மட்டும் நம்புவது எனக்கு உவப்பில்லை. தேர்வு முடிந்த வாரமே கல்விக் கடனுக்கு விண்ணப்பியுங்கள். அனுமதியான தொகைக்கு அல்ல, கையில் வாங்கிய தொகைக்குத்தான் வட்டி. 7.5 லட்சத்துக்குள் நிறுத்தினால் பொதுத்துறை வங்கிகள் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பதில்லை. நீங்களும் நேரில் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளில் வங்கி திறந்திருக்காது, பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு, விடுதியில் கட்டிய முன்பணம். அறையைக் காலி செய்யும் அன்றே கேட்டு வாங்கிவிடுங்கள்.