ஹட்டன் வீதியில் வரிசையில் நிற்பதா, இடையில் நுழைவதா?

கேட்டவர் கொழும்பில் நான்கு வருடங்களாக ஸ்கூட்டர் ஓட்டுகிறவர். நெரிசலில் வாகனங்களுக்கு நடுவே நுழைந்து போவது அவருக்குப் பழகிப்போன காரியம். இப்போது வேலை மாற்றம் கிடைத்து ஹட்டனுக்கு வருகிறார். மலைநாட்டு வீதிகளிலும் அப்படி ஓட்டலாமா என்பது கேள்வி.

நகரத்துக்குள், எல்லா வாகனங்களும் நின்றுவிட்ட பிறகு, ஓரளவுக்கு ஓட்டலாம். நகரத்தைத் தாண்டினால் வேண்டாம். நானும் நுழைகிறவன்தான், அதனால் இதை உபதேசமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தலவாக்கலையில் வீடு, ஹட்டனில் மருந்துகளை ஏற்றிக்கொண்டு சுற்றுவட்டத்துக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. 100 சிசி மோட்டார் சைக்கிள், பின்னால் ஒரு தகரப் பெட்டி, பதினோரு வருடம்.

கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் காலி வீதியில் ஒரே திசையில் இரண்டு மூன்று வரிசைகள் போகும். நீங்கள் நுழைகிற இடைவெளியின் இரு பக்கமும் இருப்பவர்கள் உங்களோடு அதே பக்கம் போகிறவர்கள். ஹட்டன் வழியாக நுவரெலியாவுக்குப் போகும் ஏ-7 வீதியில் போக ஒரு வரிசை, வர ஒரு வரிசை, அவ்வளவுதான். இதில் எந்த இரண்டுக்கு நடுவே நுழைவது? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்து வரிசை மூன்று மீற்றர் சொச்சம் என்று வைத்துக்கொள்வோம். பஸ்ஸின் அகலம் ஏறத்தாழ இரண்டரை மீற்றர். மிச்சம் அரை மீற்றர். உங்கள் ஸ்கூட்டரின் கைப்பிடியை ஒரு முனையிலிருந்து மறு முனை வரை அளந்தால் முக்கால் மீற்றருக்குக் கிட்ட வரும். ஆகவே கொழும்பில் நீங்கள் செய்வதற்கும் இங்கே செய்யப்போவதற்கும் பெயர் ஒன்றாக இருக்கலாம், காரியம் வேறு. இங்கே வலப்பக்கம் நுழைந்தால் எதிரே வருகிறவனுடைய வீதியில் இருக்கிறீர்கள். இடப்பக்கம் நுழைந்தால் கானில், அதாவது வீதியோர வடிகாலில் இருக்கிறீர்கள். கான் இல்லாத இடத்தில் வீதிக்குக் கீழே தேயிலைதான்.

கலிபோர்னியாவில் இதை அனுமதித்திருக்கிறார்களே, பாதுகாப்பானது என்று ஆய்வே இருக்கிறதே என்று சிலர் எழுதுவார்கள். உண்மைதான். அங்கே 2017 ஜனவரி முதல் சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. அதற்கு முன், 2015இல் பேர்க்லி பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வு செய்தார்கள். விபத்தில் சிக்கிய ஏறத்தாழ 6,000 மோட்டார் சைக்கிள்காரர்களை எடுத்துப் பார்த்ததில் 997 பேர் அப்படி நடுவே போய்க்கொண்டிருந்தவர்கள். மற்றவர்களைவிட இவர்களுக்குத் தலைக்காயம் குறைவு, பின்னாலிருந்து இடிபட்டதும் குறைவு. ஆனால் அந்த ஆய்வு பார்த்தது விபத்து நடந்த பிறகு யாருக்கு எவ்வளவு அடி என்பதைத்தான். நடுவே போகிறவன் எத்தனை தடவைக்கு ஒரு தடவை விபத்தில் மாட்டுகிறான் என்ற கணக்கு அதில் இல்லை. சுற்றியுள்ள வாகனங்கள் மணிக்கு 80 கிலோமீற்றருக்குள் போகவேண்டும், அவற்றைவிட நீங்கள் 24 கிலோமீற்றருக்கு மேல் வேகமாகப் போகக்கூடாது, அந்த எல்லைக்குள் ஆபத்து குறைவு என்றுதான் முடிவு. அதுவும் ஒரே திசையில் பல வரிசைகள் ஓடும் அகன்ற சாலைகள் உள்ள நாட்டில். ஹட்டனுக்கும் தலவாக்கலைக்கும் நடுவே இருக்கிற கொட்டகலையின் முடக்குக்கு, அதாவது வளைவுக்கு, அது பொருந்தாது.

அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்து விதிதான் எனக்குப் பிடித்தது. 2014 ஜூலை 1 முதல் அங்கே அனுமதி, ஆனால் மணிக்கு 30 கிலோமீற்றருக்கு மேல் கூடாது. வீதியோரக் கல்வரம்பை ஒட்டி நுழையக்கூடாது, நிறுத்திவைத்த வாகனங்களை ஒட்டி நுழையக்கூடாது, பாடசாலை வலயத்தில் பாடசாலை நேரத்தில் நுழையவே கூடாது. அந்தக் கல்வரம்பு விதியை எழுதியவர் நம் பஸ்ஸைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் இரண்டு தடவை எழுதியிருப்பார். நம் பஸ்ஸின் கதவு இடப்பக்கம். நெரிசலில் பஸ் நின்றால் தரிப்பிடம் எங்கே என்று யாரும் தேடுவதில்லை, சனங்கள் இறங்கி நடந்துவிடுவார்கள். நடத்துநர் மிதிபலகையில் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நிற்பார். வேனின் இழுவைக் கதவும் இடப்பக்கம். அந்தப் பக்கமாக முந்துவது, முன்னால் நிற்பவர் வலப்பக்கம் திரும்பினாலொழிய, தண்டத்துக்குரிய குற்றமும்கூட. எனக்குப் பயம் பொலிஸைவிட அந்தக் கதவுதான். டெவன், சென்கிளேயர் நீர்வீழ்ச்சிகளைப் பார்க்க வேன்கள் ஓரங்கட்டும் இடங்களில் இதை நினைவில் வையுங்கள். கதவைத் திறப்பவரின் கண் அருவியில் இருக்கும்.

என் சொந்தக் கதை ஒன்று. மழைக்காலம், மண் சரிந்து பாதி வீதி மூடிக் கிடந்தது. ஒரு பக்கத்தை நிறுத்தி மறு பக்கத்தை விட்டுக்கொண்டிருந்தார்கள். கொட்டகலைப் பக்கம் ஏற்றத்தில் இருபது முப்பது வாகனங்கள் நின்றன. நான் வலப்பக்கமாக, வெள்ளைக் கோட்டின்மேல் ஊர்ந்து, ஒரு பஸ்ஸின் நடு ஜன்னல் வரைக்கும் போய்விட்டேன். அந்த நேரத்தில் எங்கள் பக்கம் கொஞ்சம் நகர்ந்தது, மேலிருந்து கடைசியாக விட்ட தேயிலைக் கொழுந்து லொறி ஒன்றும் இறங்கி வந்தது. இடம் ஒரு வலது முடக்கு. நீளமான வண்டி வலப்பக்கம் திரும்பும்போது அதன் பின் சில்லுகள் முன் சில்லுகள் போன தடத்தில் வராது, உள்பக்கமாக வெட்டி வரும். உள்பக்கம் என்றால் நான் நின்ற பக்கம். முன்னால் போய்ப் பஸ்ஸுக்கு முன் நுழையலாம் என்றால் அங்கே ஒரு கார் ஒட்டி நின்றது. பின்னால் போக மோட்டார் சைக்கிளுக்கு வழி இல்லை. பஸ்ஸின் தகரம் அங்குலம் அங்குலமாக என் முழங்கையை நோக்கி வந்ததை இன்றைக்கும் மறக்கவில்லை. அந்தப் பக்கத்தில் வரிசையாக அடித்த ஆணித் தலைகளைக்கூட எண்ணியிருக்கலாம்.

லொறிக்காரர் நிறுத்திவிட்டார். அதனால்தான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பஸ் சாரதிக்கு நான் அங்கே இருப்பதே தெரியாது, அவரைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஒரு பக்கக் கண்ணாடி போனது, பெட்டியில் ஒரு நசுங்கல். லொறிக்காரர் என் பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, “மருந்து யாருக்கு அண்ணன், உங்களுக்கா?” என்று கேட்டார். பின்னால் நின்ற ஓட்டோக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள்.

அதற்குப் பிறகு முடக்கு தெரிகிற தூரத்தில் நான் எந்த நீள வண்டிக்கும் பக்கத்தில் நிற்பதில்லை. பின்னால் நிற்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஏற்றத்தில் நின்ற பஸ் கிளம்பும்போது, கிளட்ச் பிடிப்பதற்குள் ஒரு முழம், சிலநேரம் அதற்கு மேலும் பின்னுக்கு வரும். கொழும்பில் முன் வாகனத்தின் பம்பரைத் தொட்டுக்கொண்டு நிற்கிற பழக்கத்தை அவிசாவளையிலேயே இறக்கி வைத்துவிட்டு வாருங்கள். சாரதியின் பக்கக் கண்ணாடியில் அவர் முகம் உங்களுக்குத் தெரிகிற மாதிரி, ஒரு வாகன நீளம் விட்டு நிற்கவேண்டும். அந்த இடைவெளியில் ஓட்டோ ஒன்று வந்து நுழையும். நுழையட்டும்.

நான் எங்கே நுழைகிறேன் என்றால், ஹட்டன் நகரத்துக்குள், பாடசாலை விடுகிற நேரத்தில், மல்லியப்பு சந்தியிலிருந்து உள்ளே வரும் நேர் துண்டில். வரிசை அசையாமல் நிற்கவேண்டும், எதிரே வருவது கண்ணுக்கு முழுதாகத் தெரியவேண்டும், எனக்கு முன்னால் ஒதுங்கிக்கொள்ள ஓர் இடைவெளியைப் பார்த்துவைத்திருக்கவேண்டும். வேகம், நடக்கிற ஆளோடு பேசிக்கொண்டு போகிற அளவு. ஓட்டோக்களில் சிக்னலைப் பார்க்காதீர்கள், முன் சில்லைப் பாருங்கள். சில்லு கொஞ்சம் கோணினால் அடுத்த நொடியில் வண்டி முழுவதும் உங்கள் குறுக்கே இருக்கும். வரிசை அசையத் தொடங்கிய கணத்தில் நான் பார்த்துவைத்த இடத்தில் புகுந்து, மற்றவர்களைப் போல வரிசையில் ஒருவனாகிவிடுவேன். மார்கழிப் போயாவிலிருந்து வெசாக் வரை சிவனொளிபாத மலை யாத்திரைக் காலம். அப்போது வெளியூர் வாகனங்கள் அதிகம், அவற்றின் சாரதிகள் ஏற்றத்துக்கும் முடக்குக்கும் புதியவர்கள். அந்த மாதங்களில் நான் இதையும் செய்வதில்லை. ஏப்ரலில் நுவரெலியா வசந்த காலத்துக்கும் அதே கதை. பேராதனையிலிருந்து கண்டிக்குள் நுழையும்போது இரண்டு வரிசையாக வாகனங்கள் நிற்கும் இடங்கள் உண்டு. அங்கே உங்கள் கொழும்புப் பழக்கம் கொஞ்சம் உதவும்.

மண்சரிவு இடங்களில் கொடி பிடிப்பவர் சிலநேரம் மோட்டார் சைக்கிள்களை முன்னால் வரச்சொல்லிக் கை காட்டுவார். அப்போது போங்கள். எதிர்ப் பக்கம் மூடியிருப்பது அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் ஸ்கூட்டரைப் பற்றி ஒன்று. கியர் வண்டியில் இறக்கத்தில் இரண்டாம் கியரைப் போட்டால் எஞ்சினே பிடித்துக்கொள்ளும். ஸ்கூட்டரில் வேகம் குறைந்து எஞ்சின் சுழற்சி தாழ்ந்தவுடன் உள்ளே இருக்கும் கிளட்ச் தானாக விட்டுவிடும். அதன் பிறகு வண்டி சும்மா உருளும், எல்லாப் பாரமும் பிரேக்கில்தான். இறக்கத்தில் ஊர்கிற வரிசையில் அரை மணி நேரம் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விட்டால் டிரம் சூடேறிப் பிடி குறையும். அந்த நிலையில் எவனுக்கும் இடையில் நுழைய நினைக்காதீர்கள். வந்து சேர்ந்த முதல் கிழமையே ஹட்டனில் ஒரு கராஜில் காட்டி, பின் பிரேக் ஷூவை மாற்றிவிடுங்கள். கொழும்புச் சமதரையில் தேய்ந்த ஷூ இங்கே ஒரு மழைக்காலத்துக்குத் தாங்காது.