எதை விற்பது, எதை வைத்துக்கொள்வது?

சின்ன வீட்டுக்கு மாறுவதால் 300 காமிக்ஸில் பாதியைக் குறைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் மறுபதிப்புகளைத் தனியே எடுத்து வையுங்கள். இரும்புக்கை மாயாவியை முத்து காமிக்ஸ் திரும்பவும் வெளியிட்டிருக்கிறது. அந்தப் புதிய பிரதிகளைத் தயங்காமல் விற்கலாம். ஆனால் 1972-இல் வந்த முதல் பதிப்பு இருந்தால், அட்டை கிழிந்திருந்தாலும் கொடுக்காதீர்கள். ராணி காமிக்ஸ் 2005-இல் நின்றுபோனது, விற்றால் திரும்ப வாங்குவது கஷ்டம். அப்புறம், அப்பா பெயர் எழுதிக் கொடுத்த தீபாவளி மலர் என்றீர்களே, அதற்கு விலையே பேச வேண்டாம்.

மிச்சத்தை எடைக்குப் போட்டுவிடாதீர்கள், மனசு கேட்காது. பட்டியல் எழுதி, அட்டையைப் படமெடுத்துச் சேகரிப்பாளர்களிடம் காட்டுங்கள். ஸ்டேப்பிள் பின் துருப்பிடித்திருந்தால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.